முற்றத்தில் எதை வைப்பது, எதைப் பிடுங்குவது?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

உங்களில் பலருக்குத் தோட்டம் புதிதல்ல. முகாமில் இருந்த காலத்திலும் கூடாரத்துக்குப் பக்கத்தில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு பசளிக் கொடியும் இரண்டு மிளகாய்க் கன்றும் வைத்தவர்கள் நீங்கள். ஆகவே நான் பாடம் படிப்பிக்க வரவில்லை. உங்களுக்கு முன்னர் ஊர் திரும்பிய குடும்பங்களின் வளவுகளுக்குப் போய், "எந்தக் கன்று கை கொடுத்தது, எது கரைச்சல் தந்தது?" என்று கேட்டு வந்திருக்கிறேன். அவர்கள் சொன்னதையும், விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லித் தருவதையும் சேர்த்து உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது ஏன் இந்தக் கூட்டம் என்று சிலர் நினைக்கலாம். வீடு இன்னும் தறப்பாள்தான், கிணறு இன்னும் இறைக்கவில்லை, அதற்குள் தோட்டமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மழை நமக்காகக் காத்திராது. புரட்டாதி பிறந்துவிட்டது. ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை வானம் தண்ணீர் ஊற்றும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால், பங்குனி வெயிலில் வாளியால் அள்ளி ஊற்றித்தான் ஒரு கன்றை வளர்க்க வேண்டும். உலருணவு நிவாரணத்தில் அரிசி வரும், மா வரும், பருப்பு வரும். கீரையும் காயும் வராது. அந்த நிவாரணமும் ஒரு நாள் நிற்கும். அது நிற்கும் நாளில் உங்கள் முற்றத்தில் பறிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

மண்வெட்டியை எடுக்க முன்

முதலில் உயிர், பிறகுதான் பயிர். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பக்கத்து வளவு விடுவிக்கப்பட்டது என்பதற்காக உங்கள் பின்வளவும் விடுவிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையும் அடையாளத் தடிகளும் நாடாவும் இருக்கும் பக்கம் போகவே கூடாது. அந்தத் தடியைப் பிடுங்கிக் கொடி படர விடக் கொண்டுவருவது, அடுத்து வருகிறவரின் காலைப் பறிப்பதாகும்.

பற்றை வளர்ந்த வளவைக் கண்டவுடன் நெருப்பு வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். வைக்காதீர்கள். மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் வெடிக்காத வெடிபொருள் கிடந்தால் சூட்டில் அது வெடிக்கலாம். குப்பை எரிப்பதும் அப்படித்தான். எரிக்க வேண்டியதை நன்றாகத் தெரிந்த, சுத்தமான, வெறும் நிலத்தில் கொண்டுவந்து எரியுங்கள். பற்றையை நுனியில் இருந்து சிறிது சிறிதாக வெட்டுங்கள். நிலம் தெரியாத இடத்தில் கால் வைக்க வேண்டாம். புடையன் பாம்பும் அங்கேதான் கிடக்கும்.

கண்ணிவெடி அகற்றுபவர்கள் குறிப்பிட்ட ஆழம் வரைதான் தேடுவார்கள். ஆகவே மலசலகூடக் குழி, கிணறு, பெரிய தென்னங்குழி போன்ற ஆழமான குழி வெட்ட முன்னர் அவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். பழைய பங்கரைக் குப்பைக் குழியாகவோ வாழைக் குழியாகவோ பயன்படுத்த நினைப்பவர்களும், பாழடைந்த கிணற்றைத் துப்புரவாக்க நினைப்பவர்களும் முதலில் அதைப் பார்வையிடச் சொல்லுங்கள். மண்வெட்டியில் ஏதாவது உலோகம் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டு வந்த வழியே திரும்புங்கள். தொடாதீர்கள், எறியாதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ உடனே அறிவியுங்கள். பழைய இரும்புக்கு விலை கிடைக்கும் என்று பொறுக்கப் போய்க் கையை இழந்தவர்களை நீங்களும் அறிவீர்கள்.

கரைச்சல் தருபவை

எல்லோரும் முதலில் சொன்ன பெயர் பார்த்தீனியம். இலை கரட் இலையைப் போலப் பிரிந்திருக்கும். பூ சின்னஞ்சிறு வெள்ளைப் பொட்டுப் போல இருக்கும். பார்வைக்கு அழகான செடிதான். இலங்கையில் இது 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் கண்டறியப்பட்டது. பிறகு வடக்கெங்கும் பரவிவிட்டது. ஒரு செடி பல ஆயிரம் விதைகளைக் கொட்டும். தோலில் பட்டால் சிலருக்குச் சொறியும் தடிப்பும் வரும், மகரந்தம் சுவாசத்தோடு போனால் தும்மலும் இழுப்பும் வரும். மாடு தின்றால் பால் கசக்கும்.

இதைப் பிடுங்கும் முறை முக்கியம். பூக்க முன்னர் பிடுங்குங்கள். மழை பெய்து மண் இளகிய மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். இழுப்பு வருத்தம் உள்ளவர்களும் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வேண்டாம். பூத்த செடியைக் கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். அந்த எருவோடு விதை உங்கள் மிளகாய்ப் பாத்திக்கே திரும்பி வரும். வெளியில் இருந்து மாட்டெரு, வைக்கோல், மண் எதை ஏற்றினாலும், ஏற்றும் இடத்தில் பார்த்தீனியம் நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நான் பார்த்த ஒரு வளவில் இந்தச் செடி ஒரே ஒரு மூலையில்தான் நின்றது. வீடு கட்ட மண் பறித்த மூலை அது.

இரண்டாவது கோரை. "மண்வெட்டியால் வெட்ட வெட்டக் கூடுது தம்பி, குறையிறதாக் காணேல்லை" என்று ஓர் அம்மா சலித்துக்கொண்டார். அவர் சொன்னது முழு உண்மை. கோரை மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு வளர்கிறது. வெட்டும்போது கோவை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிறது. ஆகவே மேலால் செதுக்குவதில் பயனில்லை. வெயில் காலத்தில் மண்ணைப் புரட்டிக் கிழங்குகளைப் பொறுக்கி, வெறுந்தரையில் காய விடுங்கள். இன்னொரு வழி நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. அதே அம்மாவின் பக்கத்து வளவில் அந்த இடத்தில் வற்றாளைக் கொடியைப் படர விட்டிருந்தார்கள். கொடி மூடிய இடத்தில் கோரை மெலிந்து போயிருந்தது. பூசணியும் இந்த வேலையைச் செய்யும்.

மூன்றாவது ஒரு களையல்ல, பட்ட தென்னை. செல்லடியில் தலை போன தென்னை இங்கே ஏராளம். குருத்து அழிந்த தென்னை மீண்டும் தளிர்க்காது. அப்பாவோ அம்மாவோ வைத்த மரம், நிற்கட்டும் என்று விட்டு வைக்கிறோம். அந்த மனம் விளங்குகிறது. ஆனால் உக்கும் குற்றிக்குள் கறுவண்டு முட்டையிட்டுப் பெருகும். அங்கே பெருகும் வண்டுதான் பறந்து போய், நீங்கள் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையின் குருத்தைத் துளைக்கும். ஆகவே பட்ட மரத்தைத் தறித்து, பயன்படும் மரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிளந்து பாதுகாப்பான இடத்தில் எரித்துவிடுங்கள். மரத்துக்குள் சன்னமும் செல் துண்டும் இருக்கக்கூடும் என்பதைத் தறிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உயிரோடு நிற்கும் பனையை மட்டும் தொட வேண்டாம். பனை தறிக்க அனுமதி வேண்டும், அதைவிடப் பனை வளர ஒரு தலைமுறை வேண்டும்.

நச்சுச் செடிகளைப் பற்றியும் பெற்றோருக்கு ஒரு சொல். ஆளில்லாத வளவுகளில் மஞ்சள் அலரி, ஊமத்தை, கார்த்திகைப் பூக்கொடி எல்லாம் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. மஞ்சள் அலரியின் விதையும் கார்த்திகைக் கிழங்கும் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்தக் காய் தின்னலாம், எது கூடாது என்று தெரியாது. அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு பிள்ளை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், தின்ற காயின் மீதியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கள்.

கை கொடுப்பவை

இனி நல்ல செய்தி. பசி அவசரமென்றால் விரைவில் தருபவற்றை முதலில் வையுங்கள். கீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். பொன்னாங்காணியும் வல்லாரையும் தண்டை ஊன்றினாலே போதும், கிணற்றடியில் தண்ணீர் வழியும் இடத்தில் தாமாகப் படரும். வெண்டியும் பயற்றங்காயும் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பயற்றங்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிஞ்சாகப் பறித்தால் மேலும் மேலும் பூக்கும். கொடியில் முற்ற விட்டால் பூப்பது குறைந்துவிடும். விதைக்கென்று இரண்டு கொடியைத் தனியாக விடுங்கள்.

பூசணியைப் பற்றி எல்லா இடத்திலும் ஒரே முறைப்பாடு: "பூக்குது, காய்க்குதில்லை." பயப்பட வேண்டாம். முதலில் வருபவை ஆண் பூக்கள். பின்னர் வரும் பெண் பூவின் அடியில் சிறிய பிஞ்சு ஒன்று இருக்கும். தேனீ குறைவான இடமாயின், காலையில் ஆண் பூவொன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். பாவற்காயிலும் புடோலங்காயிலும் பழ ஈ குத்திக் காய் அழுகினால் மருந்து தேட வேண்டாம். பிஞ்சாக இருக்கும்போதே பழைய பத்திரிகைத் தாளால் சுற்றிவிடுங்கள். புடோலின் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் முன்னோர் செய்தது. காய் நேராக வளரும், சந்தையிலும் நல்ல விலைக்குப் போகும்.

முருங்கைக்கு விதை தேவையில்லை. கைத்தடிப் பருமனுக்குக் குறையாத, நான்கைந்து அடி நீளமான முற்றிய தடியொன்றைக் கேட்டு வாங்குங்கள். மேல் நுனியில் சாணியை அப்பி, மழைத் தொடக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குங்கள். இலை முதலில், காய் பிறகு. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முருங்கை இலையை விட மலிவான சத்து இல்லை. கரைச்சலும் உண்டு. மாரியில் மயிர்க்கொட்டி அடைந்துவிடும். பகலில் அவை அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது தீப்பந்தத்தைக் காட்டினால் போதும். கொட்டில் பக்கத்தில் மட்டும் பந்தம் வேண்டாம், தறப்பாளும் கிடுகும் நொடியில் பற்றும். அங்கே சவர்க்காரத் தண்ணீரை ஊற்றுங்கள். முருங்கைக் கொம்பு சட்டென்று முறியும். பிள்ளைகளை ஏற விட வேண்டாம்.

பப்பாசி ஒரு வருடத்துக்குள் பழம் தரும். ஒரு குழியில் மூன்று கன்று வையுங்கள். பூத்த பிறகுதான் ஆண் மரம் எது என்று தெரியும். அப்போது காய்க்கக்கூடிய ஒன்றை விட்டு மற்றதை வெட்டலாம். பப்பாசிக்குத் தண்ணீர் தேங்குவது ஆகாது. இரண்டு நாள் வேரடியில் வெள்ளம் நின்றால் மரம் சாய்ந்துவிடும். மண்ணைக் குவித்து மேட்டில் வையுங்கள். 2008 முதல் நாட்டில் பரவிய வெள்ளை மாவுப்பூச்சி பப்பாசி இலையின் கீழ் பஞ்சு போல அப்பியிருக்கும். தொடக்கத்திலேயே கண்டால் அந்த இலையை வெட்டி அழித்துவிட்டு, மற்ற இடங்களைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். கண்டபடி மருந்து அடித்தால், அந்தப் பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துப்போகும்.

மரவள்ளி பஞ்ச காலத்துத் தோழன். தடியை ஊன்றினால் வளரும், வறட்சியைத் தாங்கும். ஆனால் அதற்குள்ளும் நஞ்சு உண்டு. தோலை முழுதாக உரித்து, துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பச்சையாகத் தின்ன விட வேண்டாம். கிண்டிய கிழங்கை நாள்கணக்கில் வைக்க வேண்டாம்.

பனங்கொட்டையை மறந்துவிடாதீர்கள். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, மண் மேடாக்கிப் பாத்தி கட்டி அடுக்கிவிட்டால், தை மாசியில் பனங்கிழங்கு கிண்டலாம். அவித்துத் தின்னலாம், காயவைத்து ஒடியலாக்கலாம். ஒரு சதமும் செலவில்லாத பயிர் இது. கொட்டை பொறுக்கப் போகும் பனங்கூடல் மட்டும் விடுவிக்கப்பட்ட நிலமாக இருக்க வேண்டும்.

பூச்சியும் மருந்தும்

கத்தரிக் கன்றின் நுனி வாடித் தொங்கினால், உள்ளே புழு துளைத்திருக்கிறது. வாரம் ஒரு முறை அந்த நுனியைச் சற்றுக் கீழே வெட்டி எடுத்து அழித்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் புதுக் கிளை வரும். மிளகாயில் இலை சுருண்டாலோ, வெண்டியில் இலை நரம்பு மஞ்சளாகினாலோ அது பெரும்பாலும் நுண்ணிய பூச்சிகளால் வருவது. மஞ்சள் நரம்பு விழுந்த வெண்டி தேறாது. இரக்கப்பட்டு விட்டுவைத்தால் வெள்ளை ஈ அங்கிருந்து மற்றக் கன்றுகளுக்கும் நோயைக் கொண்டுபோகும். பிடுங்கிவிடுங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பங்கொட்டை போதும். காய்ந்த பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். கடை மருந்துதான் வேண்டும் என்ற நிலை வந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கொட்டிலுக்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைகளும் இருக்கும்போது, மருந்துப் போத்தலை அங்கே வைக்கக் கூடாது. வெறும் போத்தலில் தண்ணீரோ எண்ணெயோ எடுக்கவும் கூடாது.

வேலியும் அயலும்

பூச்சியை விடப் பெரிய எதிரி கட்டாக்காலி மாடு. ஆறு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரே இரவில் தின்றுவிட்டுப் போய்விடும். ஆகவே விதைக்க முன் வேலி. முள்ளுக்கம்பி இல்லாவிட்டாலும் கிளுவைக் கதியாலும் சீமைக்கிளுவையும் இருக்கின்றன. மழைக்கு ஊன்றினால் துளிர்த்துவிடும். சீமைக்கிளுவைக் குழை பாத்திக்கு நல்ல பசளை. முழு வளவையும் அடைக்க முடியாவிட்டால், கொட்டிலுக்குப் பக்கத்தில் அரைப் பரப்பை மட்டும் இறுக்கமாக அடையுங்கள். வேலியில்லாத ஒரு ஏக்கரை விட அது கூடத் தரும்.

வேலி என்றவுடன் எல்லைப் பிரச்சினை வரும். பழைய கதியால் பட்டுப்போய், எல்லைக்கல் புதைந்துபோய், உறுதியும் தொலைந்துபோன வளவுகள் பல. இதில் அவசரப்பட வேண்டாம். அயலவரையும் கூட்டிக்கொண்டு, ஊரில் வயதானவர்கள் முன்னிலையில் எல்லையைப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதியுங்கள். முடிவு வரும் வரை அந்த எல்லையில் மாவோ பலாவோ வைக்காமல், கீரை, பூசணி போன்ற குறுகிய காலப் பயிரை வையுங்கள். இன்னும் திரும்பாத குடும்பத்தின் வளவு பக்கத்தில் இருந்தால், அவர்கள் பக்கம் ஒரு அடியும் நகராதீர்கள். அவர்களில் யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று நமக்குத் தெரியாது. வருகிறவருக்கு எல்லை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

விதை உங்கள் கையில் இருக்கட்டும்

இந்த முறை விதைப் பொதி தருகிறோம். அடுத்த முறையும் தருவோம் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பொதியில் எவ்-1 என்றிருந்தால் அது கலப்பின விதை. அதில் இருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. மற்றவற்றில், நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியைப் பார்த்து நாடா கட்டி, அதன் காயை முற்ற விட்டு விதை எடுங்கள். நன்றாகக் காயவைத்துச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத ரின்னிலோ போத்தலிலோ போட்டு, பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். விதைக்க முன் 10 விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஐந்துக்குக் கீழே என்றால் நெருக்கமாக விதையுங்கள், அல்லது வேறு விதை தேடுங்கள்.

ஒருவரிடம் எல்லா விதையும் இராது. நான் போன ஊரொன்றில் ஒரு வழக்கம் தொடங்கியிருந்தார்கள். மாதம் ஒரு முறை வாசிகசாலை இருந்த இடத்து மரத்தடியில் கூடுவார்கள். ஒருவர் முருங்கைத் தடி கொண்டுவருவார், ஒருவர் கறிவேப்பிலைக் கன்று, இன்னொருவர் முசுட்டைக் கொடி. காசில்லை. கொண்டு வந்தவர் கன்றைக் கொடுக்கும்போது அதைப் பற்றிய கரைச்சலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். வளவில் தனியாக இருக்கும் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "கண்டுக்காக இல்லைத் தம்பி, நாலு பேரோட கதைக்கலாம் எண்டுதான் நான் போறனான்." அந்தக் காரணமும் போதும். உங்கள் ஊரிலும் அப்படியொன்றைத் தொடங்குங்கள். தனியே இருக்கும் பெண்களையும் முதியவர்களையும் கால் கை இழந்தவர்களையும் வீட்டுக்குப் போய்க் கூட்டி வாருங்கள். நிலத்தில் குனிய முடியாதவருக்கு உரப்பையிலும் மேசை உயரப் பந்தலிலும் தோட்டம் செய்து கொடுக்கலாம்.

முற்றத்தில் ஒரு கத்தரி பூத்துவிட்டால் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. அதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இருக்கிற பிள்ளைகள் நாளைக்கும் சாப்பிட வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். காணி விடுவிக்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். அடைக்கப்போகும் அரைப் பரப்பைத் தெரிவு செய்யுங்கள். அயலில் யாரிடம் முருங்கைத் தடி இருக்கிறது என்று கேளுங்கள். மழை வர முன் இந்த மூன்றும் முடிந்தால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வளவில் எது கை கொடுத்தது, எது கரைச்சல் தந்தது? பின்னால் இருக்கிற ஐயா கையை உயர்த்துகிறார், அவரிடம் இருந்து தொடங்குவோம்.